அட்டையில் இரண்டாவது பெயர்

மைதானத்துக்கு வருகிறவர்கள் பந்தைப் பார்க்கட்டும். அதற்குத்தான் அவர்கள் டிக்கட் வாங்குகிறார்கள். நீங்கள் பந்து இல்லாத இடத்தைப் பாருங்கள்.

விளையாட்டுப் பக்கத்துக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிமாருக்கும் தங்கச்சிமாருக்கும் இதை எழுதுகிறேன். தூரத்து மூலையில் ஓடுகிறவரின் முதுகில் இருப்பது ஆறா எட்டா என்று தெரியாமல் போன அன்று நான் வேலையை விட்டேன். ஐம்பத்தொரு வயது. மாத்தளைச் சந்தைக்குப் பின்னால் உள்ள வீட்டில் இப்போது உட்கார்ந்திருக்கிறேன், உட்காரவும் முடியாமல். கால் இன்னும் எங்கேயோ ஒரு விசில் ஊதும் என்று காத்திருக்கிறது. எழுந்து நடக்கிறேன், திரும்ப வந்து ஒரு வரி எழுதுகிறேன்.

தேசிய அணி ஆடினால் அடுத்த நாள் வாசகர் முதலில் தேடுவது உங்கள் அழகான வர்ணனையை அல்ல. யார் நன்றாக ஆடினார், அவருக்கு எத்தனை மார்க், அதைத்தான். ஒரு மனிதர் தொண்ணூறு நிமிடம் ஓடி, விழுந்து, எழுந்து, வாய்க்குள் மண் போய், கடைசியில் உங்கள் பக்கத்தில் ஓர் எண்ணாகிவிடுகிறார். அந்த எண்ணைப் போடும் கை லேசாக நடுங்க வேண்டும். நடுங்காத கையை நான் நம்பமாட்டேன். அதிகமாக நடுங்கிய கையும் என்ன செய்யும் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

வந்த புதிதில், இரண்டு கோல் போட்ட ஒருவரை ஆட்டத்தின் சிறந்த வீரர் என்று எழுதினேன். பக்கத்தில் இருந்த படப்பிடிப்பாளர், வாயில் ஒரு மீன் ரோல்ஸுடன், கேட்டார்.

"ரெண்டு கோலும் சரி. ரெண்டு பந்தும் எங்கருந்து வந்திச்சு?"

தெரியவில்லை என்றேன். அவர் தன் கமராவைத் திருப்பிக் காட்டினார். ஒன்றன்பின் ஒன்றாகப் படங்கள், பாதிக்கு மேல் பந்தே இல்லை. எல்லாவற்றிலும் ஒரே ஆள், வலது ஓரத்தில் ஓடிக்கொண்டிருந்தார். அவர் ஓடிய பக்கம் எதிரணியின் இரண்டு பேர் இழுபட்டுப் போயிருந்தார்கள். அவர்கள் விட்டுப்போன இடைவெளியில்தான் இரண்டு கோலும் பிறந்திருந்தன. அந்த ஆளின் பெயரை நான் அறிக்கையில் ஓர் இடத்திலும் எழுதியிருக்கவில்லை. படப்பிடிப்பாளர் ரோல்ஸைத் தின்று முடித்தார். அது போதுமாக இருந்தது.

ஆக, பார்க்கக் கற்றுக்கொள்ளலாம். ஐந்தாறு வருடத்தில் வந்துவிடும். பார்த்ததை அப்படியே எழுதுவதுதான் வராது. கண்ணுக்கும் பேனாவுக்கும் நடுவில் ஒரு பயம் சப்பணமிட்டு உட்கார்ந்திருக்கும். ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு பயம். என்னுடையதைச் சொல்கிறேன்.

கொழும்பில் நடக்கும் சில ஆட்டங்களில் சிறந்த வீரரைத் தெரிவு செய்ய மூன்று நிருபர்களை உட்கார வைப்பார்கள். ஒரு சிங்களப் பத்திரிகை, ஓர் ஆங்கிலப் பத்திரிகை, ஒரு தமிழ்ப் பத்திரிகை. எண்பத்தைந்தாவது நிமிடத்தில் ஆளுக்கோர் அட்டை வரும். மூன்று பெயர் எழுத வேண்டும். முதலாவதுக்கு மூன்று புள்ளி, இரண்டாவதுக்கு இரண்டு, மூன்றாவதுக்கு ஒன்று. ஒருவரோடு ஒருவர் பேசக்கூடாது. கூட்டிப் பார்த்து, அதிகம் எடுத்தவருக்குக் கிண்ணம்.

அப்படி உட்கார்ந்த ஒரு தரம் மாத்தளைப் பொடியன் ஒருவனை முதலாவதாக எழுதியிருந்தேன். அவனும் அதற்குத் தகுந்தவன்தான். நிருபர்கள் பகுதியில் யாரோ, "என்ன நானா, மருமகனா?" என்று கேட்டார்; நானா என்பது எங்கள் முஸ்லிம் வீடுகளில் அண்ணன். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். பிறகு இரண்டு நாள் போனில் யார் யாரோ எழுதினார்கள்: ஊர்ப் பாசம், மொழிப் பாசம். சிரித்ததோடு போயிற்று என்று நினைத்தேன். போகவில்லை. தொண்டையில் மாட்டிய மீன் முள் மாதிரி உள்ளேயே கிடந்தது.

அப்படியிருக்கும்போதுதான் தியாகராஜ் வந்தார்.

மாத்தளைக்கு மேலே, எல்கடுவ தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீடு ஒன்றில் பிறந்தவர். நடுக்களத்தில், தன் பின்வரிசைக்குச் சற்று முன்னால் நின்று காவல் செய்கிறவர், ஆறாம் எண். முப்பத்தொரு வயது. வழமையாக அந்த இடத்தில் ஆடுகிறவருக்கு முழங்கால் போனதால் அழைத்திருந்தார்கள். ஆட்டத்துக்கு முந்திய நாள் பயிற்றுநர் எங்களிடம் வெளிப்படையாகச் சொன்னார்: அடுத்த மாத வெளிநாட்டுப் பயணத்துக்கு நடுக்களத்தில் ஓர் இடம்தான் காலி. சனிக்கிழமை ஆட்டம் அதைத் தீர்க்கும், திங்கள் மதியம் பட்டியல் வரும். தியாகராஜின் வயதில் இந்த முறை இல்லையென்றால் இனி எந்த முறையும் இல்லை. அது அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

வந்த அணி எங்களைவிட எவ்வளவோ பலமானது. அவர்களுடைய பத்தாம் எண் ஆட்டக்காரர் பந்தைக் காலில் கட்டி வைத்திருப்பவர் போல ஆடுவார். தியாகராஜ் அவரை ஒரு தரம்கூடத் தள்ளவில்லை, இழுக்கவில்லை, விழுத்தவில்லை. சும்மா போய் நின்றார். பந்து வரப்போகிற இடத்தில், வருவதற்கு ஒரு மூச்சு முந்தி. வெயிலில் ஒருவருக்கு முன்னால் இன்னொருவர் நின்றால் நிழல் விழும் அல்லவா, அவ்வளவுதான் செய்தார். அரை மணி நேரத்தில் பத்தாம் எண் பின்னுக்கு வந்து பந்து கேட்டார். ஒரு மணி நேரத்தில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். எனக்கு எழுந்து நின்று கத்த வேண்டும் போல இருந்தது. நிருபர் கத்தக்கூடாது. குறிப்புக் கொப்பியில் நட்சத்திரம் போட்டேன். பக்கம் முழுக்க நட்சத்திரம்.

ஐம்பத்து மூன்றாவது நிமிடம். எதிரணி இடது ஓரத்தால் புகுந்துவிட்டது. எங்கள் ஆட்கள் எல்லோரும் பந்தை நோக்கி ஓடினார்கள். தியாகராஜ் ஒருவர் மட்டும் பந்துக்கு முதுகைக் காட்டிப் பின்னால் ஓடினார், மறுபக்கக் கோல் கம்பத்தடிக்கு, ஒருவருமே இல்லாத வெறும் புல்லுக்கு. பைத்தியமா என்று நினைத்தேன். இரண்டு வினாடி. எல்லோருடைய தலைக்கு மேலாலும் வந்த பந்து சரியாக அந்த வெறும் புல்லில் இறங்கியது. அவர் நெற்றியால் அதை வெளியே தள்ளினார். கோல்காப்பாளரும் அதே நேரம் பாய்ந்திருந்ததால் அவர்தான் தட்டினார் என்று மைதானமே நினைத்தது. கைதட்டல் முழுக்க அவருக்குப் போயிற்று. தியாகராஜ் காலுறையை இழுத்துவிட்டுக்கொண்டு தன் இடத்துக்கு நடந்தார்.

கோல்காப்பாளரும் லேசுப்பட்டவர் அல்லர். அன்று நான்கு பந்துகளை உயிரைக் கொடுத்துப் பிடித்தார். அவருக்கு முதலிடம் கொடுத்தால் எவரும் ஒரு கேள்வி கேட்க மாட்டார்கள்.

எண்பத்தைந்தாவது நிமிடம் அட்டை வந்தது. என் கண் ஒரு பெயரைச் சொன்னது. கை வேறொரு பெயரை எழுதியது. முதலாவது கோல்காப்பாளர், இரண்டாவது தியாகராஜ். எழுதி முடித்ததும் ஒரு நிம்மதி வந்தது பாருங்கள், அப்படி ஒரு நிம்மதி வந்தால் உடனே சந்தேகப்படுங்கள்.

கோல் இல்லாமல் ஆட்டம் முடிந்தது. எங்களுக்கு அது வெற்றி மாதிரி. புள்ளிகளைக் கூட்டிய பெண் அதிகாரி தாளை எங்கள் முன்னால் வைத்தார். ஆங்கில நிருபரும் என்னைப் போலவே எழுதியிருந்தார். சிங்களப் பத்திரிகையின் நிமல், என் இருபது வருட நண்பன், தியாகராஜை முதலாவதாகவும் கோல்காப்பாளரை இரண்டாவதாகவும் எழுதியிருந்தான். கோல்காப்பாளர் எட்டு, தியாகராஜ் ஏழு.

நிமல் என் அட்டையை எடுத்துப் பார்த்தான். நாங்கள் சிங்களத்தில்தான் பேசிக்கொள்வோம், தமிழில் தருகிறேன்.

"மச்சான், என்ன இது? ஆட்டம் முழுக்க அவனுக்கு நட்சத்திரம் போட்டாயே."

"போட்டேன்."

"அப்ப?"

"எங்கட ஊர் ஆள்."

அவன் அட்டையை மேசையில் வைத்தான். "எல்கடுவயில பொறந்தது அவன் செஞ்ச பிழையா?"

அதிகாரி கடைசியாக ஒரு தரம் கேட்டார், யாராவது அட்டையை மாற்றுகிறீர்களா என்று. ஒலிபெருக்கியில் அறிவிக்கும் வரை, காரணம் எழுதிக் கையெழுத்திட்டு மாற்றலாம் என்பது விதி. கீழே வீரர்கள் வரிசையில் நிற்கத் தொடங்கியிருந்தார்கள். பேனா என் கையில் இருந்தது. இரண்டு பெயர்களை இடம் மாற்றினால் எட்டும் ஏழும் ஆள் மாறும்.

"மாத்து," என்றான் நிமல்.

"எண்ணினதைப் பாத்த பிறகு மாத்தினா அது தீர்ப்பு இல்லடா. கள்ள வோட்டு."

"அப்ப முதல்ல போட்டது?"

நான் பேனாவை மூடினேன். அது சரியா பிழையா என்று இன்றைக்கும் வீட்டுக்குள் நடந்து நடந்து யோசிக்கிறேன். உங்களுக்கு ஒன்று மட்டும் சொல்வேன்: நேர்மைக்கு ஒரு நேரம் இருக்கிறது. அது கடந்துவிட்டால் அதே காரியம் வேறு பெயர் எடுத்துவிடும்.

கிண்ணம் கோல்காப்பாளருக்குப் போயிற்று. படி இறங்கும்போது நிமல்தான் வழி சொன்னான். "திங்கள் பேப்பர்ல எழுது, அந்த அம்பத்தி மூணாவது நிமிடத்தை. நான் சிங்களத்துல போடுறேன். மொழி தெரியாத பயிற்றுநருக்குக் காலையில எங்கட பக்கத்தை வாசிச்சுச் சொல்ல ஆள் இருக்கு. பட்டியல் மதியம்தானே."

ஞாயிறு காலை முதல் ரயிலில் கண்டிக்கு வந்து, மாறி, மாத்தளையில் இறங்கினேன். வீரர்களுக்கு இரண்டு நாள் விடுமுறை, தியாகராஜ் வீட்டில் இருந்தார். எழுதுவதற்கு முன் அவரிடம் சொல்லிவிட வேண்டும் என்று இருந்தது. பஸ்ஸுக்கு நிற்கையில் தேநீர்க் கடைக்காரர் பேப்பரைத் தட்டிக் காட்டினார்.

"நானா, கீப்பருக்குக் குடுத்தது சரியான வேலை. எங்கட எல்கடுவ ஆளுக்கு?"

"இரண்டாவது."

"அது போதும். பஸ்லயும் முதல் சீட்டு பிக்குமாருக்கு, நம்மாளுங்களுக்கு ரெண்டாவதுதானே!"

கடை சிரித்தது. என்னால் தேநீரை முடிக்க முடியவில்லை.

தியாகராஜ் லயத்து வாசலில் ஒரு பேசினில் சுடுதண்ணீரும் உப்பும் போட்டுக் காலை அமிழ்த்தி வைத்திருந்தார். கணுக்கால் பனங்காய் அளவுக்கு வீங்கியிருந்தது.

"வாங்க நானா. கலா, பேப்பர் நானா வந்திருக்காங்க. இந்தப் பக்கம் ஒக்காருங்க, தண்ணி தெறிக்கும்."

அவர் மனைவி கலா கொழுந்தெடுக்கிறவர். அன்று ஞாயிறு, வீட்டில் இருந்தார். கதவு நிலையில் சாய்ந்து நின்றார். நான் சுற்றி வளைக்காமல் சொன்னேன்: எட்டு, ஏழு, என் அட்டை, என் பயம். தியாகராஜ் தண்ணீருக்குள் கால்விரல்களை அசைத்துக்கொண்டே கேட்டார்.

"நானா, அந்த அம்பத்தி மூணாவது நிமிசம். பாத்தீங்களா, இல்ல குனிஞ்சு எழுதிக்கிட்டு இருந்தீங்களா?"

கொப்பியை எடுத்து வாசித்தேன். 'ஆறாம் எண் பந்தை விட்டுப் பின்னால் ஓடுகிறார். ஏன்? பந்து அங்கேயே வருகிறது. நெற்றி. கைதட்டல் கீப்பருக்கு.'

"இன்னொரு தரம் வாசிங்க."

வாசித்தேன். அவர் முகம் ஒரு கணம் மலர்ந்தது. பிறகு மெல்ல மூடிக்கொண்டது.

"அப்ப பாத்துட்டுத்தான் ரெண்டாவது போட்டிருக்கீங்க." குரலில் கோபம் இல்லை. "ஒருத்தரும் பாக்கலன்னு நெனச்சிருந்தேன். அது பரவாயில்லாம இருந்துச்சு நானா."

கலா சொன்னார்: "அங்கயே கார்டுல பேர மாத்திப் போட்டிருந்தா, இம்புட்டுத் தூரம் மேடு ஏறி வந்திருக்க வேணாமே."

அது சரிதான் என்றேன். திங்கள் பேப்பருக்கு எழுதி வைத்திருந்ததை எடுத்தேன். இது பயிற்றுநரின் காதுக்குப் போகும், பட்டியல் மதியம்தான் வரும் என்றும் சொன்னேன். கலா நிலையை விட்டு நிமிர்ந்தார். நான் வாசித்தேன்: மைதானத்தில் ஒருவருக்கும் தோன்றாதது ஒருவருக்குத் தோன்றியது, அந்த ஒருவர் தியாகராஜ், என் அட்டையில் முதலாவதாக இருந்திருக்க வேண்டிய பெயர் அதுதான் என்று. நல்ல எழுத்துத்தான். எனக்கே பிடித்திருந்தது.

தியாகராஜ் காலை வெளியே எடுத்துத் துவாயில் வைத்தார்.

"அதுல ஒன்னு விட்டுப்போச்சு நானா."

"என்ன?"

"எனக்குத் தோனல. நானும் எல்லாரும் மாதிரி பந்தத்தான் பாத்துக்கிட்டு நின்னேன். கீப்பர் கத்தினாரு, ‘பஸ்ஸ!’ன்னு."

பஸ்ஸ என்றால் சிங்களத்தில் பின்னால்.

"அந்தச் சத்தம் கேட்டுத்தான் திரும்பினேன். திரும்பினா அங்க ஆளில்லாம கெடந்துச்சு. ஓடினேன். அவர் கத்தலன்னா கோல்."

கலாதான் முதலில் பேசினார், பல்லைக் கடித்துக்கொண்டு.

"இப்ப இத யாரு கேட்டா ஒங்கள?"

"யாரும் கேக்கல."

"அப்ப வாய வச்சிக்கிட்டு சும்மா இருங்களேன். நாளைக்கு லிஸ்ட்டு."

"கீப்பருக்குத் தெரியும்ல, கலா."

"அவரா வந்து சொல்லப் போறாரு?"

"சொல்ல மாட்டாரு. அதான்."

கலா உள்ளே போனார். பாத்திரம் ஒன்று தேவைக்கு அதிகமான சத்தத்தோடு வைக்கப்பட்டது. தியாகராஜ் என்னைப் பார்த்துச் சிரித்தார், உண்மையாகவே சிரித்தார்.

"பாத்தீங்களா நானா. கார்டு சரியாத்தான் இருந்திருக்கு. நீங்கதான் பிழை."

பிள்ளைகளே, இத்தனை வருடத்தில் என் வேலையைப் பற்றி எவரும் இதைவிடச் சரியாகச் சொன்னதில்லை. சரியான பெயரை நான் பிழையான காரணத்துக்காக எழுதியிருந்தேன். அது தெரியாமல், பிழையான கட்டுரை ஒன்றை நல்ல மனதோடு எழுதிக் கொண்டுவந்திருந்தேன். பக்கம் முழுக்க நட்சத்திரம் போட்ட கண்ணுக்கு ஒரு சத்தம் கேட்கவில்லை. கண்ணுக்கு எப்படிக் கேட்கும்? கீழே இறங்கி ஆடினவரிடம் கேட்க வேண்டும். கேட்டாலும் எத்தனை பேர் சொல்வார்கள்? தன் கடைசி வாய்ப்பு ஒரு தாளில் எழுதப்பட்டு முன்னால் நீட்டப்படும்போது, அதில் பாதி என்னுடையது இல்லை என்று சொன்ன ஒருவரை நான் அந்த வாசலில்தான் பார்த்தேன்.

"எழுதுறதுன்னா ரெண்டையும் எழுதுங்க," என்றார். "இல்லாட்டி ஒன்னும் வேணாம்."

கலா தேநீர் கொண்டுவந்து வைத்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. ஆனால் சீனி போட்டிருந்தார், நிறையவே.

போனுக்குச் சிக்னல் கிடைக்கும் வளைவு வரை நடந்து, மதிலில் உட்கார்ந்து திருத்தி எழுதினேன். கத்தியவர் ஒருவர், கேட்டவர் ஒருவர், மற்ற ஒன்பது பேரும் அந்தச் சத்தத்தைக் கேட்டும் பந்தைத்தான் பார்த்தார்கள். கிண்ணம் போனது சரியான கைக்கு. என் அட்டை பயத்தில் எழுதப்பட்டது. அவ்வளவையும் எழுதினேன். அனுப்பியதும் நிமல் உடனே போன் எடுத்தான்.

"மச்சான், இது அவனுக்கு உதவாதே."

"தெரியும்."

"அவனே சொன்னானா?"

"ஓ."

"ஒரு சொல்லும் வெட்டாமப் போடுறேன்," என்றான்.

போட்டான். என் பத்திரிகையிலும் வந்தது. பயிற்றுநர் அதைக் கேட்டாரா, கேட்டு என்ன நினைத்தார் என்பது எனக்குத் தெரியாது. தெரிந்த மாதிரி எழுதவும் மாட்டேன். அதன் பிறகு நான் உட்கார்ந்த ஆட்டங்களில் ஊர் பார்த்து ஒரு புள்ளி கூட்டவும் இல்லை, ஊர் பார்த்து ஒரு புள்ளி வெட்டவும் இல்லை. இரண்டாவதும் பாசம்தான், உங்கள் மேல் நீங்கள் வைத்திருக்கும் பாசம். நிருபர்கள் பகுதியில் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

திங்கள் மதியம் பட்டியல் வந்தது. நடுக்களத்தில் காலியாக இருந்த இடத்துக்கு வேறு ஒருவர், வயதில் இளையவர், முதல் முறை அழைக்கப்பட்டவர். கீழிருந்து மேலாக ஒரு தரம், மேலிருந்து கீழாக ஒரு தரம் வாசித்துவிட்டு எல்கடுவைக்குப் போன் எடுத்தேன். கலா எடுத்தார். நான் சலாம் சொல்வதற்குள், "தெரியும் நானா," என்று சொல்லி அவரிடம் கொடுத்தார்.

"கீப்பர் பேர் இருக்கா?" என்றார் தியாகராஜ்.

"இருக்கு."

"ம்." எங்கேயோ பக்கத்தில் கொழுந்து நிறுக்க ஆட்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நான் என்ன ஆறுதல் சொல்லலாம் என்று தேடிக்கொண்டிருந்தேன்.

"நானா, என் எடத்துக்கு வர்றவர நீங்க பாப்பீங்கதானே? அவர்ட்ட ஒன்னு சொல்லுங்க. கீப்பர் ஒரு தரம்தான் கத்துவாரு."